உடம்பெல்லாம் தண்ணீர்: வீட்டில் கடல் சாமந்தி (அனிமோன்) வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

விடிவதற்கு முன்னால் எனக்கு ஃபோன் வந்தால் பாதி நேரம் அது மீன் தொட்டி விஷயமாகத்தான் இருக்கும். போன ஆடி மாதம் அப்படி ஓர் அழைப்பு. எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பையன், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். "அண்ணா, அனிமோன் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். நேத்து ராத்திரி தட்டு மாதிரி விரிஞ்சிருந்துச்சு. இப்பப் பாத்தா சுருங்கிப்போய் கோலிக்குண்டு மாதிரி பாறை இடுக்குல கிடக்குது."

போய்ப் பார்த்தேன். பாதம் பாறையை இறுகப் பிடித்திருந்தது. வாய் மூடியிருந்தது. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாகக் கொஞ்சம் கசடு. "ஒண்ணும் ஆகலடா, வயித்தைச் சுத்தம் பண்ணிட்டிருக்கு. மத்தியானம் வரைக்கும் கை வைக்காம விடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினொரு மணிக்கு, முழுசாக விரிந்து நின்ற படம் வாட்ஸப்பில் வந்தது.

இது ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று புரிந்துகொண்டாலே கடல் சாமந்தி வளர்ப்பில் பாதி புரிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடல் சாமந்தி, கடைகளில் அனிமோன், பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் விலங்குதான். பவளமும், மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனும் இதற்குச் சொந்தக்காரர்கள். உடம்பு என்பது ஒரு பை. பையின் அடிப்பக்கம் பாதம். அதை வைத்துப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். மேல்பக்கம் நடுவில் வாய், அதைச் சுற்றிக் கைகள். சாப்பிடுவதும் கழிவை வெளியேற்றுவதும் ஒரே வாய் வழியாக. எலும்பு இல்லை, ஓடு இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை, சிறுநீரகம் இல்லை. மெல்லிய இரண்டு தோல் அடுக்கு, நடுவில் கூழ் மாதிரி ஒரு படலம். அவ்வளவுதான்.

பிறகு எப்படி நிமிர்ந்து நிற்கிறது? உள்ளே நிரப்பி வைத்திருக்கும் கடல்நீரால்தான். காற்றடித்த டியூப் விறைப்பாக நிற்கிற மாதிரி, தண்ணீர் நிரம்பிய உடம்பு விரிந்து நிற்கிறது. உள்ளே தண்ணீர் பழசானாலோ, தின்றது செரித்துச் சக்கை மிஞ்சினாலோ, மொத்தத்தையும் வாய் வழியாக வெளியே தள்ளிச் சுருங்கும். அப்புறம் புதுத் தண்ணீரை இழுத்துக்கொண்டு மறுபடி விரியும். சில மணி நேரம் சுருங்கிக் கிடப்பதில் பயப்பட எதுவுமே இல்லை.

நம் உடம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சிறுநீரகம் சரிசெய்துவிடும். இதற்கு அந்த வசதி கிடையாது. வெளியே தொட்டியில் என்ன தண்ணீரோ அதேதான் உள்ளேயும். தொட்டித் தண்ணீர்தான் அதன் ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் தாங்கிக்கொள்கிற ஏற்ற இறக்கத்தை இது தாங்காததற்குக் காரணம் இதுதான். விலை உயர்ந்த விளக்கோ பம்போ வாங்குவதைவிட, இன்று இருந்த தண்ணீர் நாளையும் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இதை உயிரோடு வைத்திருக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமும் இதுவே.

உள்ளே குடியிருக்கும் பாசி

கோமாளி மீன் (நீமோ) தங்கும் வகைக் கடல் சாமந்திகளின் உடம்புக்குள் இன்னொரு உயிர் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னஞ்சிறு பாசி, ஒவ்வொரு சாமந்திக்குள்ளும் லட்சக்கணக்கில். நாம் பார்க்கும் பழுப்பு நிறம் இந்தப் பாசியுடையது. பாசி வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிக்கிறது, அதில் பெரும்பங்கைச் சாமந்திக்குக் கொடுத்துவிடுகிறது. சாமந்தி தன் கழிவைப் பாசிக்கு உரமாகக் கொடுத்து, தங்க இடமும் கொடுக்கிறது. ஆகவே நாம் வளர்ப்பது விலங்கு ஒன்று, அதற்குள் தோட்டம் ஒன்று. வெளிச்சம் குறைந்தால் தோட்டம் வாடும், சாமந்தி பட்டினி கிடக்கும்.

தண்ணீர் சூடேறினால் இந்த உறவு முறிந்துபோகும். பாசியை வெளியே தள்ளிவிட்டுச் சாமந்தி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளப்பாறைகள் வெள்ளையாகிப்போனது இதே காரணத்தால்தான். பவளத்துக்குள்ளும் இதே மாதிரிப் பாசிதான் குடியிருக்கிறது.

இதை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கடையில் பால் வெள்ளை நிறத்தில் ஒரு அனிமோன் இருந்தது. நுனியில் மட்டும் லேசான ஊதா. "ரேர் பீஸ் சார், ஒயிட் வெரைட்டி" என்று சொல்லி சாதாரண விலையைவிட இரண்டு மடங்குக்கு விற்றார்கள். ஆசைப்பட்டு வாங்கினேன். அது அபூர்வ வகை அல்ல, பாசியெல்லாம் போய்ப் பட்டினியில் இருந்த சாதாரணச் சாமந்தி. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள். பளீரென்ற மஞ்சள், அடர்ந்த ரோஸ் என்று உடம்பு முழுக்க ஒரே நிறமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வெளுத்ததற்குச் சாயம் ஏற்றி விற்கிற வழக்கமும் இந்த வியாபாரத்தில் உண்டு.

எதை வாங்கலாம்

கோமாளி மீன்கள் தங்கும் சாமந்தி மொத்தம் பத்து வகை என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவற்றில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: பபிள் டிப். கைகளின் நுனி குமிழ் மாதிரி உப்பியிருக்கும், அதனால் அந்தப் பெயர். நுனி எப்போதும் உப்பியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே சாமந்தி ஒரு மாதம் குமிழோடும் அடுத்த மாதம் நீளக் கைகளோடும் இருக்கும். அதை வியாதி என்று நினைக்க வேண்டாம்.

பபிள் டிப்பைப் பரிந்துரைக்கக் காரணம், அது தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். அதனால் தொட்டியில் பிறந்து தொட்டி வாழ்க்கைக்குப் பழகியதே கிடைக்கும். கடலில் இருந்து பிடுங்கி வந்ததை வாங்க வேண்டியதில்லை. ஏற்கனவே கடல் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இருந்து வாங்கினால் இன்னும் நல்லது.

நம் ராமேசுவரம் பக்கக் கடலில் காணப்படும் கம்பளச் சாமந்தி, கார்பெட் அனிமோன் என்பார்கள், பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் அது மணலில் புதைந்து வாழ்வது, பெரிதாக வளர்வது, கொட்டும் வலிமையும் அதிகம். பக்கத்தில் வரும் மீனை மடக்கித் தின்றுவிடும். அகன்று விரியும் மேக்னிஃபிகா வகையும் அழகுதான், ஆனால் அனுபவசாலிகளிடமே நிறையச் செத்துப்போயிருக்கிறது. முதல் தடவைக்கு இவை இரண்டும் வேண்டாம்.

கடையில் நின்று பார்க்கும்போது வாயைப் பாருங்கள். இறுக மூடியிருக்க வேண்டும். 'ஓ' என்று திறந்து கிடந்தாலோ, உள்ளிருக்கும் சதை வெளியே பிதுங்கியிருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். பாதம் எங்காவது பிடித்திருக்க வேண்டும். மிதந்துகொண்டிருப்பதை வாங்கவே கூடாது. பாறையில் ஒட்டியிருந்தால் அந்தப் பாறைத் துண்டோடு சேர்த்துக் கேளுங்கள், கூடக் கொஞ்சம் காசு ஆனாலும் பரவாயில்லை. பிய்த்து எடுக்கும்போது பாதம் கிழிந்தால் அந்தக் காயத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும்.

தண்ணீர்

எல்லாரும் முதலில் கேட்பது, "மெரினாவில் இரண்டு குடம் மொண்டு வந்தால் ஆகாதா?" ஆகாது. கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பதெல்லாம் கலந்திருக்கும். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயத்தில் நம் கடலோரத்தில் உப்பின் அளவே கணிசமாக இறங்கிவிடும். கடல் தொட்டிக்கென்றே விற்கும் ரீஃப் உப்பை வாங்கி, சுத்தமான தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்று கலக்குவதுதான் முறை. சமையல் உப்பு இதற்கு மாற்று இல்லை. கடல்நீரில் கால்சியம், மெக்னீசியம் என்று இன்னும் பலதும் இருக்கின்றன.

சுத்தமான தண்ணீர் என்றால் எது? குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கிடையாது. வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள், 50, 80 என்று ஏதாவது காட்டும். குடிக்க அது நல்லது, தொட்டிக்கு அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. என்கிற இன்னொரு வடிகட்டியைச் சேர்த்தால் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மிதக்கவிட்டு அளக்கும் மலிவான ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று சொல்லும். அடர்த்தி 1.025-லிருந்து 1.026-க்குள் இருக்கட்டும். வெப்பம் 25-லிருந்து 27 டிகிரி. பி.எச். 8.1-லிருந்து 8.4. காரத்தன்மை, அதாவது பி.எச். ஆடாமல் தாங்கும் திறன், 8-லிருந்து 10 டி.கே.எச். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம். நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்குக் கீழே. அதைப் பூஜ்ஜியம் ஆக்க வேண்டும் என்று துரத்தாதீர்கள், உள்ளே இருக்கும் பாசிக்கு அதில் கொஞ்சம் வேண்டும்.

இந்த எண்களைவிட முக்கியமானது அவை அசையாமல் இருப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு லிட்டர் தொட்டியில் மூன்றரை கிலோ உப்பு கரைந்திருக்கிறது. வெயில் காலம், ஃபேன் ஓடுகிறது, நாளைக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது. நீங்கள் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வருகிறீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போவதில்லை. இப்போது 94 லிட்டரில் அதே மூன்றரை கிலோ, அதாவது லிட்டருக்கு 37 கிராமுக்கு மேல். வந்ததும் பதறிப்போய் ஆறு லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றுகிறீர்கள், ஐந்து நிமிடத்தில் மறுபடி 35. மீன்கள் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் இல்லாத, தண்ணீரே உடம்பான அந்தச் சாமந்திக்கு இது இரண்டு அடி: ஏறியது ஒன்று, சட்டென்று இறங்கியது ஒன்று.

இதற்கு ஆட்டோ டாப் ஆஃப் என்று ஒரு கருவி இருக்கிறது, மட்டம் குறையக் குறையத் தானே நிரப்பும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். நான் முதல் இரண்டு வருஷம் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். காலையில் பல் தேய்த்ததும் ஒரு தடவை, ராத்திரி விளக்கு அணைக்கும் முன் ஒரு தடவை, கோடு வரைக்கும் ஊற்றுவேன். உப்புக் கலக்காத வெறும் தண்ணீர். ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அக்காவிடம் சாவியும் குவளையும் கொடுத்துவிட்டுப் போவேன். அந்தக் கோடு செய்த வேலையை வேறு எந்தக் கருவியும் செய்ததில்லை.

இதோடு வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றும் தண்ணீரை முந்தைய நாளே உப்புக் கலந்து, பம்ப் போட்டுச் சுழலவிட்டு, தொட்டியின் அதே வெப்பத்துக்கும் அடர்த்திக்கும் கொண்டுவந்து வையுங்கள்.

ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டேலியல் என்ற இயற்கையியலாளர் 1828-ல் கடற்கரைப் பாறையில் இருந்து ஒரு சாமந்தியை எடுத்துவந்து ஒரு கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். 1851-ல் அவர் காலமானார். சாமந்தி சாகவில்லை. வேறு வேறு ஆட்கள் கைமாறி வாங்கி வளர்த்து, 'பாட்டி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அது 1887 வரை, 59 வருஷம் ஜாடியிலேயே வாழ்ந்தது. மின்சாரமே வீட்டுக்கு வராத காலம். பம்ப் கிடையாது, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கிடையாது. ஒவ்வொருவரும் தவறாமல் தண்ணீர் மாற்றினார்கள், அளவாகச் சாப்பாடு போட்டார்கள். அது குளிர்கடல் வகை, உள்ளே பாசி இல்லாதது, அதனால் வெளிச்சக் கவலையும் அவர்களுக்கு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மூன்று நாள் சோர்வாகத் தெரிந்தாலே 'இதற்கு ஆயுசு அவ்வளவுதான்' என்று விட்டுவிடும் நம்மவர்களுக்கு அந்த 59 வருஷம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் பொறுங்கள்

புதுத் தொட்டியில் மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஊன்றிக்கொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதன்பின் மீன் விடலாம். சாமந்தி விட அது போதாது. தொட்டி முதல் சில மாதம் தன்னாலேயே ஆடிக்கொண்டிருக்கும்: பழுப்புப் பாசி வரும், பச்சைப் பாசி வரும், காரத்தன்மை ஏறி இறங்கும். இதெல்லாம் அடங்க ஆறு மாதமாவது வேண்டும், ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது. அந்தக் காலத்தில் நமக்கும் கை பழகும். தொட்டி 120, 150 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தண்ணீர் அதிகமாக இருந்தால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும்.

நம் ஊர் வெயில்

வெளிநாட்டுக் காணொளிகளில் ஹீட்டர் பற்றி நிறையச் சொல்வார்கள். சென்னையிலும் மதுரையிலும் நம் பிரச்சினை எதிர்ப்பக்கம். மே மாதம் மாடி வீட்டில் விளக்கும் பம்பும் ஓடினால் தொட்டி 31 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது ஆவியாவது கூடும், மேலே சொன்ன கோட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். கோடை முழுவதும் 30-க்கு மேலேயே நிற்கிற வீடாக இருந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் சாமந்தி வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். செலவுதான், ஆனால் பாதிக் கோடையில் அது வெளுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கொடுமை. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

இடம் அதன் இஷ்டம்

என் முதல் சாமந்தியை, சோபாவில் உட்கார்ந்தால் நேராகத் தெரிகிற மாதிரி பாறையின் உச்சியில் வைத்தேன். ராத்திரி அங்கேயே இருந்தது. காலையில் எழுந்து விளக்கைப் போட்டால் தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி இருந்தது. தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ் மேக்கர் பம்பின் சல்லடையில் ரோஸ் நிறத்தில் துண்டு துண்டாகச் சதை. அறைக்குள் அழுகிய மீன் சந்தை வாடை. பாறைக்குப் பின்னால் இரண்டு டாம்சல் மீன் செத்துக் கிடந்தது. கோமாளியை மட்டும் வாளிக்கு மாற்றிக் காப்பாற்ற முடிந்தது. இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பம்பில் பத்து ரூபாய் ஸ்பான்ஜ் ஒன்றைச் சுற்றியிருந்தால் அந்த உயிர் போயிருக்காது.

கடல் சாமந்தி நடக்கும். பாதத்தை மெல்ல நகர்த்தி நகர்த்தி ஊர்ந்து போகும். இடம் கொஞ்சமும் பிடிக்காவிட்டால் பாதத்தை விடுவித்துத் தண்ணீரோட்டத்தில் மிதந்து போகும். அதனால் சாமந்தி வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தண்ணீரை இழுக்கும் ஒவ்வொரு வாயையும் ஸ்பான்ஜாலோ வலையாலோ மூடியிருக்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் அதற்கும் கூண்டு வேண்டும்.

பபிள் டிப்புக்குப் பிடித்தது என்ன? பாதத்தை உள்ளே நுழைத்துக்கொள்ள ஆழமான இருட்டுப் பொந்து, கைகளை நீட்ட வெளிச்சம், நேராக முகத்தில் அடிக்காமல் அலைந்து அலைந்து வரும் நீரோட்டம். விரல் நுழைகிற அளவு பொந்துள்ள பாறையைத் தேடி, பாதத்தை அதன் வாயில் வைத்து, பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிடித்துக்கொண்டதும் மெதுவான வேகத்தில் போடுங்கள். அடுத்த சில நாள் அது இடம் மாறினால் மாறட்டும். நாம் திரும்ப எடுத்து வைக்க வைக்க, அது மறுபடி கிளம்பும். ஒரு வாரத்தில் தனக்கான இடத்தைப் பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். பல மாதம் ஓரிடத்தில் இருந்தது திடீரென்று நடக்கத் தொடங்கினால், தண்ணீரிலோ வெளிச்சத்திலோ ஓட்டத்திலோ ஏதோ மாறிவிட்டது என்று பொருள். அன்றே எல்லா அளவையும் சோதித்துப் பாருங்கள்.

தொட்டிக்குள் விடும் முன், பையிலுள்ள தண்ணீரோடு அதை ஒரு வாளியில் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக முக்கால் மணி, ஒரு மணி நேரம் விட்டுப் பழக்குங்கள். வெளிச்சத்தையும் முதல் நாளே முழுசாகக் கொடுக்காமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். பவளத் தொட்டிக்கான நல்ல எல்.இ.டி. விளக்கு, நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் 150-லிருந்து 250 வரை உள்ள இடம் பபிள் டிப்புக்குப் பொருந்தும். சாமந்தி எக்கி எக்கி மேலே நீண்டால் வெளிச்சம் போதவில்லை. பகலில் பொந்துக்குள் பதுங்கியே கிடந்தால் வெளிச்சம் அதிகம்.

சாப்பாடு

வெளிச்சம் போதுமானதாக இருந்தால் பாதிக்கு மேல் உணவு உள்ளேயே தயாராகிவிடும். வாரம் ஒன்றிரண்டு தடவை நாம் கொடுத்தால் போதும். மார்க்கெட்டில் வாங்கும் இறாலே நல்ல உணவு. மஞ்சள், உப்பு எதுவும் படாமல், ஓடு நீக்கி, வெறும் தண்ணீரில் அலசி, பட்டாணி அளவுக்கு நறுக்கி ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளுங்கள். கருவாடும் உப்புப் போட்டுக் காய்ந்த சென்னாக்குன்னியும் வேண்டாம்.

பம்பை நிறுத்திவிட்டு, நீள இடுக்கியால் ஒரு துண்டைக் கைகளின் மேல் வையுங்கள். வைத்த கணமே ஒட்டிக்கொள்ளும். கையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் ஊசி மாதிரி வெடித்து இரையைப் பிடிக்கின்றன. பிறகு ஒவ்வொரு கையாக வளைந்து அந்தத் துண்டை நடுவுக்குத் தள்ளும். வாய் மெல்ல மேலெழும்பி, உதடு குவிப்பது போலக் குவிந்து, விழுங்கிவிடும். மொத்தமும் இரண்டு மூன்று நிமிடம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

பெரிய துண்டாகக் கொடுத்தால் மறுநாள் பாதி செரித்ததைக் கக்கிவிடும், அது தண்ணீரைக் கெடுக்கும். வந்து ஒரு வாரம் வரை எதுவும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கையிலும் அது ஒட்டும். விரல் தோல் தடித்தது என்பதால் பலருக்கு வலிக்காது. சிலருக்குத் தடிப்பு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள்.

கோமாளி மீன்

பலரும் சாமந்தி வாங்குவதே கடையில் நீமோ என்று விற்கும் கோமாளி மீனுக்காகத்தான். தொட்டியில் இரண்டுமே ஒன்றில்லாமல் மற்றது வாழும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து இருந்தால் இரண்டுக்கும் லாபம். மீனின் மேல் இருக்கும் வழுவழுப்புப் படலம் அதைக் கொட்டுவதில் இருந்து காப்பாற்றுகிறது. மீனின் கழிவு சாமந்திக்குள் இருக்கும் பாசிக்கு உரம். ராத்திரியில் மீன் சாமந்திக்குள் புரண்டு புரண்டு படுப்பதால் தண்ணீர் அசைந்து ஆக்சிஜன் கூடக் கிடைக்கிறது.

நாம் அதிகம் பார்க்கும் ஆரஞ்சு வெள்ளை ஓசெல்லாரிஸ் கோமாளி, கடலில் பபிள் டிப்பில் தங்குவதில்லை. தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், சில சமயம் மாதக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்காது. கட்டாயப்படுத்த வழி இல்லை. கிளார்க்கி கோமாளி என்றால் எந்தச் சாமந்தியும் அதற்குச் சம்மதம். கோமாளி மீனை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் போன்ற இடங்களில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். கடல் குதிரை, மாண்டரின் போன்ற மெதுவான மீன்களைச் சாமந்தி இருக்கும் தொட்டியில் விட வேண்டாம். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல சாமந்தியையே கொத்தித் தின்னும்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் தரும் மருந்து பலவற்றில் தாமிரம் இருக்கும். தாமிரம் சாமந்திக்கு விஷம். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும். சாமந்தி இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது.

எப்போது கவலைப்படுவது

சுருங்குவது, நடப்பது, குமிழ் மறைவது இவை தனித்தனியாக வந்தால் காத்திருக்கலாம். மூன்று நாளாகியும் விரியவில்லை, வாய் திறந்தே கிடக்கிறது, கைகளைத் தொட்டால் ஒட்டுவதே இல்லை, பாதம் எதையும் பிடிக்கவில்லை, இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஆபத்து. உப்பையும் வெப்பத்தையும் அம்மோனியாவையும் உடனே அளந்து, கால் பங்கு தண்ணீரை மாற்றி, வடிகட்டியில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

தொட்டால் விரலோடு சளி மாதிரி கரைந்து வந்தால், வாடையும் அடித்தால், அது போய்விட்டது. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வெளியே எடுங்கள். அழுகும் சாமந்தி ஒரே ராத்திரியில் மொத்தத் தொட்டியையும் சாய்த்துவிடும்.

வெறும் வெளுப்பு மட்டும் என்றால் நம்பிக்கையை விடாதீர்கள். பாதம் பிடித்திருந்து, கை ஒட்டினால், மிதமான வெளிச்சமும் இரண்டு நாளைக்கு ஒரு முறை கடுகளவு இறாலும் கொடுத்துப் பொறுமையாக இருந்தால் சில மாதத்தில் பழுப்பு திரும்பிவிடும்.

நான் இப்போது வைத்திருக்கும் பபிள் டிப்புக்கு ஐந்து வயது. போன தை மாதம் ஒரு நாள் அது வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இழுபட்டுக் கிடந்தது. பாதத்தின் ஒரு பக்கம் ஒரு பொந்திலும் மறுபக்கம் இன்னொரு பொந்திலும். சாயந்திரத்துக்குள் நடுவில் கிழிந்து இரண்டாகிவிட்டது. ஓரம் பிய்ந்த காகிதம் மாதிரி இருந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது. பத்து நாளில் ஓரங்கள் சுருண்டு ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாய் வந்துவிட்டது. சின்னதை அது பிடித்திருந்த பாறையோடு வாளியில் வைத்து, தெருவில் இருக்கும் அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் தொட்டிக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. ஆடியில் அவன் ஃபோன் செய்தது அதைப் பற்றித்தான்.